இடிமேகங்களின் இடைவெளியில் சிறிய விமானம் புகுந்து போகலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் இருக்கும் தம்பி தனியார் விமானி உரிமம் வாங்கியிருக்கிறார். மே மாதம் நீங்களும் உங்கள் கணவரும் போகும்போது, நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சுற்றிக்காட்டப்போவதாகச் சொல்கிறார். மே மாதம் அங்கே இடிமழைக் காலமாயிற்றே என்று நீங்கள் கேட்டதற்கு, "ஐபேடிலேயே ரேடார் படம் வரும் அக்கா, இடைவெளி பார்த்துப் போய்விடலாம். பெரிய விமானமெல்லாம் மழையில் போகவில்லையா?" என்று பதில் வந்திருக்கிறது. அது சரியா என்று கேட்கிறீர்கள்.

சரியில்லை. அந்தப் பதிலில் இருக்கும் மூன்று நம்பிக்கைகளும் தவறு. பெரிய விமானங்கள் இடிமேகத்துக்குள் போவதில்லை. ஐபேடில் தெரிவது இந்த நிமிடத்துப் படம் இல்லை. இடைவெளி என்று தெரிவது பல நேரம் இடைவெளியே இல்லை.

பெரிய விமானத்திலிருந்து தொடங்குகிறேன். மழையில் பறப்பது வேறு, இடிமேகத்துக்குள் பறப்பது வேறு. பயணிகள் விமானத்தின் மூக்கில் ரேடார் இருக்கிறது. வழியில் இடிமேகம் நின்றால் விமானி தரைக் கட்டுப்பாட்டிடம் அனுமதி வாங்கிப் பல மைல் சுற்றிக்கொண்டு போவார். சுற்ற முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2025 மே 21 அன்று பார்த்தோம். டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன இண்டிகோ விமானம் பதான்கோட் அருகே ஆலங்கட்டி மழையில் சிக்கியது. ஒரு கட்டத்தில் நிமிடத்துக்கு 8500 அடி என்ற கணக்கில் கீழே இறங்கியது. ஸ்ரீநகரில் பத்திரமாக இறங்கியபோது அதன் மூக்கு பிய்ந்திருந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 200-க்கும் மேற்பட்ட பயணிகளோடு பறந்த ஏர்பஸ்ஸுக்கே இந்தக் கதி.

இப்போது செஸ்னா 172-க்கு வருவோம். இன்று தயாராகும் 172எஸ் ரகத்தின் முழு எடை 2550 பவுண்டு, ஏறத்தாழ 1150 கிலோ. கடல் மட்டத்தில், எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது, நிமிடத்துக்கு 730 அடி ஏறும். உயரம் கூடக்கூட அது இன்னும் குறையும். முதிர்ந்த இடிமேகத்துக்குள் மேலெழும் காற்று நிமிடத்துக்கு 6000 அடியைத் தாண்டக்கூடும். அதன் பக்கத்திலேயே, சில நூறு மீட்டர் தள்ளி, நிமிடத்துக்கு 2500 அடியைத் தாண்டக்கூடிய வேகத்தில் இன்னொரு காற்று கீழே இறங்கிக்கொண்டிருக்கும். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். கீழிறங்கும் காற்றில் மாட்டிக்கொண்ட 172 எவ்வளவு முறுக்கினாலும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஆனால் இறங்குவதைவிட மோசமானது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் அந்த நொடி. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைப் பொறுத்துத்தான் தூக்குவிசை கிடைக்கிறது. 100 நாட் வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் போகிற விமானத்தின் கீழிருந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று குபீரென்று எழும்பினால், அந்தக் கோணம் ஒரே அடியில் 11 டிகிரி கூடிவிடும். பொதுவாகச் சிறிய விமானத்தின் இறக்கை 15, 16 டிகிரிக்கு மேல் தாங்காது. காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும், தூக்குவிசை போய்விடும். வேகமாகப் போய்க்கொண்டிருந்தால் அந்த நிலைக்கு வருமுன்பே இறக்கைமீது விழும் சுமை வரம்பைத் தாண்டிவிடும். இந்த வகை விமானங்கள் தங்கள் எடையைப் போல 3.8 மடங்கு சுமைக்கு வடிவமைக்கப்படுகின்றன. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு வரை முறிவுக்கான இடைவெளி உண்டு, அவ்வளவுதான்.

இதற்காகத்தான் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு 'கையாளும் வேகம்' (ஆங்கிலத்தில் maneuvering speed) குறித்திருப்பார்கள். காற்று உலுக்கும்போது அந்த வேகத்துக்குக் கீழே இருந்தால், இறக்கை உடைவதற்கு முன் தூக்குவிசை இழந்து சுமையைக் கைவிட்டுவிடும். 172எஸ்-க்கு முழு எடையில் அது 105 நாட். ஆள் குறைந்து எரிபொருளும் தீர்ந்து எடை 1900 பவுண்டாக இருந்தால் 90 நாட்தான். எடை குறைந்தால் வேகமும் குறைய வேண்டும் என்பது புதிய விமானிகளுக்குத் தலைகீழாகப் படும். தம்பியிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சரியான பதில் வந்தால் நன்றாகப் படித்திருக்கிறார். ஆனால் அந்த வேகம் காற்றின் எல்லா அடிகளுக்கும் காப்பு இல்லை. மேலும் கீழும் மாறி மாறி அடிக்கும்போது அந்தக் கணக்கு நிற்காது.

பலரும் நினைப்பதுபோல, இடிமேகத்துக்குள் போன எல்லாச் சிறிய விமானமும் முதல் அடியிலேயே உடைந்து விழுவதில்லை. பெரும்பாலும் நடப்பது வேறு. உள்ளே போனதும் பகல் இருண்டுவிடுகிறது. மழை கண்ணாடியில் அறையும் சத்தத்தில் ரேடியோ கேட்பதில்லை. கருவிப் பலகை நடுங்கும் நடுக்கத்தில் எண்கள் படிக்க முடிவதில்லை. ஒரு மின்னல் அருகே வெட்டினால் சில நொடிகளுக்குக் கண் தெரியாது. இதற்காகவே உள்விளக்குகளை முழு வெளிச்சத்துக்கு ஏற்றிக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்க விமானத் துறை. இந்த நிலையில் உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லத் தொடங்கும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சுருளாக இறங்கும்போது நேராகப் போவதுபோலவே தோன்றும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவி பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்க வைத்துப் பார்த்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆனது 178 வினாடிகள். அது அமைதியான வானத்தில் நடந்த சோதனை. இடிமேகத்தில் அவ்வளவு நேரம்கூடக் கிடைக்காது.

சுருளில் இறங்கும்போது வேகம் ஏறிக்கொண்டே போகும். 172எஸ்-இன் வேகமானியில் சிவப்புக் கோடு 163 நாட்டில் இருக்கிறது. மேகத்தின் அடிவயிற்றிலிருந்து தரை கண்ணில் பட்டதும் விமானி பதறிப்போய்ப் பின்னால் இழுப்பார். இறக்கையோ வாலோ முறிவது அப்போதுதான். மேகம் நிலைகுலைய வைக்கிறது, அந்த வேகமும் அந்த இழுப்பும் முறிக்கின்றன.

அனுபவம் இருந்தால் தப்பலாமே என்று தோன்றும். இதற்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒரே பெயர்தான்: ஸ்காட் கிராஸ்ஃபீல்ட். 1953 நவம்பர் 20 அன்று ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறந்த முதல் மனிதர் அவர். எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தை முதலில் பறக்கவிட்டவரும் அவரே. தரையில் நடந்த சோதனையில் எஞ்சின் வெடித்தபோது அதே எக்ஸ்-15-க்குள் உட்கார்ந்திருந்து உயிரோடு வெளியே வந்தவர். வானில் அவருக்குத் தெரியாதது என்று எதைச் சொல்வது?

2006 ஏப்ரல் 19 அன்று, 84 வயதில், தன் செஸ்னா 210-ஐத் தனியாக ஓட்டிக்கொண்டு அலபாமாவின் பிராட்வில் ஊரிலிருந்து வர்ஜீனியாவின் மனாசஸுக்குக் கிளம்பினார். கருவி பார்த்துப் பறக்கும் திட்டம்தான். வழியில் பரவலாக இடிமழை இருந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் வடமேற்கில், 11,000 அடியை ஒட்டிய உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது, வானிலை காரணமாகத் தெற்கே விலகிப் போக வேண்டும் என்று அட்லாண்டா கட்டுப்பாட்டிடம் கேட்டார். அனுமதி கிடைத்தது. சற்று நேரத்தில் ரேடாரிலிருந்து விமானம் மறைந்துவிட்டது. மறுநாள் லட்வில் பகுதியின் மலைக்காட்டில் சிதைவுகள் கிடைத்தன.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்ன காரணங்கள் இரண்டு. வழியில் மாறிவந்த வானிலைத் தகவலை விமானி புதுப்பித்துக்கொள்ளவில்லை, அதனால் உக்கிரமான இடிமழைப் பகுதிக்குள் தொடர்ந்து பறந்துவிட்டார். மேகத்தைத் தவிர்க்க உதவியிருக்க வேண்டிய கட்டுப்பாட்டாளரும் உதவவில்லை. இந்த இரண்டாவது காரணத்தை நான் அடிக்கடி அழுத்திச் சொல்வேன். கட்டுப்பாட்டாளர் திரையில் மழை தெரியும், ஆனால் விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்ப்பதுதான் அவருக்கு முதல் வேலை. "விலகிப் போகலாம்" என்று அவர் சொன்னால், அந்தப் பக்கம் வேறு விமானம் இல்லை என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். அந்தப் பக்கம் மேகம் இல்லை என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. "என் முன்னால் உங்கள் திரையில் என்ன தெரிகிறது?" என்று விமானிதான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அதே வடமேற்கு ஜார்ஜியாவில்தான், 29 ஆண்டுகளுக்கு முன், 1977 ஏப்ரல் 4 அன்று சதர்ன் ஏர்வேஸ் 242 விழுந்தது. அது சிறிய விமானம் இல்லை, இரண்டு எஞ்சின் டிசி-9 ஜெட். மூக்கில் ரேடார் இருந்தது. விமானிகள் திரையில் ஓர் இடைவெளியைப் பார்த்து அதை நோக்கிப் போனார்கள். அந்த ரேடாரின் அலை கனமழையைத் துளைத்துத் திரும்ப முடியாமல் தேய்ந்துபோனதால், மழை மிகக் கடுமையாக இருந்த இடமே திரையில் காலியாகத் தெரிந்தது. வெள்ளமும் ஆலங்கட்டியும் புகுந்து இரண்டு எஞ்சினும் நின்றன. நியூ ஹோப் என்ற ஊரின் நெடுஞ்சாலையில் இறங்கப் பார்த்தார்கள். விமானத்தில் 63 பேரும் தரையில் 9 பேரும் இறந்தார்கள். "இடைவெளி பார்த்துப் போய்விடலாம்" என்று யார் சொன்னாலும் எனக்கு இந்த விபத்து நினைவுக்கு வராமல் போவதில்லை.

சரி, ஐபேடு. அதில் வருவது தரையில் இருக்கும் பல ரேடார்களின் படங்களை ஒட்டித் தைத்த படம். ஒவ்வொரு ரேடாரும் வானத்தைச் சுற்றிப் பார்க்கச் சில நிமிடங்கள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்கச் சில நிமிடங்கள், அதை விமானத்துக்கு அனுப்பச் சில நிமிடங்கள். திரையின் மூலையில் "1 நிமிடம்" என்று போட்டிருப்பது படம் தைத்து முடிந்த நேரத்திலிருந்து போடும் கணக்கு. மேகத்தை ரேடார் பார்த்த நேரத்திலிருந்து இல்லை. சில சூழ்நிலைகளில் படத்தின் உண்மையான வயது, காட்டுவதைவிட 15 முதல் 20 நிமிடம் வரை கூடுதலாக இருக்கலாம் என்று 2012-இல் அந்தப் பாதுகாப்பு வாரியம் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. அதற்கு அவர்கள் காட்டிய இரண்டு விபத்துகளில் ஒன்று தம்பி இருக்கும் டெக்சாஸில்தான் நடந்தது: 2011 டிசம்பரில் பிரையன் ஊருக்கு அருகே விழுந்த பைப்பர் விமானம், ஐந்து உயிர்கள். மற்றொன்று 2010 மார்ச்சில் டென்னசியில் விழுந்த மருத்துவ ஹெலிகாப்டர், மூன்று உயிர்கள்.

20 நிமிடம் என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் நகரும் மேகம் அதற்குள் 20 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். நகர்வதோடு நில்லாமல் வளரவும் செய்யும். 1946-இலும் 1947-இலும் அமெரிக்காவில் ஃபுளோரிடா, ஒஹாயோ மாநிலங்களில் பையர்ஸ், பிரஹாம் என்ற இரு வானிலை அறிஞர்கள் போர் விமானங்களை இடிமேகங்களுக்குள் 1300-க்கும் அதிகமான முறை அனுப்பி ஆராய்ந்தார்கள். மேகத்துக்குள் 'செல்' எனப்படும் ஒவ்வொரு தனி அலகும் எழுவது, முதிர்வது, கலைவது என்று மூன்று பருவம் கொண்டது, அதன் முழு ஆயுளே ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் என்பதை நாம் தெரிந்துகொண்டது அந்த ஆய்விலிருந்துதான். பழைய படத்தில் சாதுவாக வெண்மையாக இருந்த இடத்தில் இப்போது முழு இடிமேகம் எழுந்து நிற்கலாம்.

அந்த ஆய்வில் ஒரு விமானத்தைக்கூட மேகம் வீழ்த்தவில்லை என்பதைச் சிலர் எதிர்வாதமாகச் சொல்வதுண்டு. அவை பி-61 என்ற கனத்த இரவுப் போர் விமானங்கள். தரை ரேடார் வழிகாட்டியது. தேர்ந்த ராணுவ விமானிகள் ஓட்டினார்கள். உயரத்தைப் பிடித்துவைக்கப் போராடாமல், இறக்கையை மட்டும் மட்டமாக வைத்துக்கொண்டு காற்று தூக்கினால் ஏறி, அமுக்கினால் இறங்கிப் போகச் சொல்லியிருந்தார்கள். வாடகைச் செஸ்னாவுக்கும் அதற்கும் ஒப்பீடே கிடையாது.

உள்ளே மனித உடலுக்கு என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி சொல்ல ஒருவர் இருந்தார். அமெரிக்க மரைன் படையைச் சேர்ந்த வில்லியம் ராங்கின். 1959 ஜூலை 26 மாலை, இடிமேகம் ஒன்றின் உச்சிக்கு மேலே, 47,000 அடியில் அவருடைய போர் விமானத்தின் எஞ்சின் நின்றுபோனது. இருக்கையோடு வெளியே பாய்ந்தார், நேராக அந்த மேகத்துக்குள். சாதாரணமாகப் பத்து நிமிடத்தில் தரைக்கு வந்திருக்க வேண்டும். 40 நிமிடம் ஆயிற்று. பாராசூட் விரிந்த பிறகு மேலெழும் காற்று திரும்பத் திரும்ப அவரை உயரே வீசியது. ஆலங்கட்டி உடம்பெல்லாம் கன்றிப்போக அடித்தது. மூச்சு இழுத்தால் மழைநீர் உள்ளே போகும் அளவுக்குத் தண்ணீர், நடுவானில் மூழ்கிச் செத்துவிடுவோமோ என்று பயந்தார். காலில் தரை பட்டபோது வட கரோலினாவில் ஒரு காட்டுக்குள் இருந்தார். உயிர் பிழைத்தார்.

மேகத்துக்குள் போனால்தானே இதெல்லாம் என்று வெளியே நெருங்கிப் பறப்பதும் ஆபத்துதான். மேகத்தின் உச்சி பட்டறைக்கல் போல விரியும் பகுதிக்கு அடியில், பளிச்சென்ற வானத்தில்கூட ஆலங்கட்டி விழும். அதனால்தான் கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 மைல் தள்ளி இருக்கச் சொல்கிறார்கள். இரண்டு மேகங்களுக்கு நடுவே போக வேண்டுமென்றால் இரு பக்கமும் 20 மைல், ஆக 40 மைல் இடைவெளி வேண்டும். மே மாதத்து டெக்சாஸில் வரிசைகட்டி வரும் மேகங்களுக்கு நடுவே அவ்வளவு இடம் அனேகமாகக் கிடைக்காது.

இறங்கும்போதும் அப்படியே. மேகத்திலிருந்து கொட்டும் குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலா பக்கமும் சிதறும். ஓடுபாதையை நோக்கி 65 நாட்டில் வந்துகொண்டிருக்கும் 172-க்கு முதலில் 20 நாட் எதிர்க்காற்று வரும், தாண்டியதும் 20 நாட் பின்காற்று வரும். நொடிகளில் 40 நாட் காணாமல் போனால் மிச்சம் 25. அந்த விமானம் 40 நாட்டுக்குக் கீழே பறக்கவே பறக்காது. 1985 ஆகஸ்ட் 2 அன்று இதே டெக்சாஸின் டல்லஸில், டெல்டா 191 என்ற மூன்று எஞ்சின் ஜெட்டையே இப்படி ஒரு காற்று தரையில் அடித்து 137 பேரைக் கொன்றது. இடிமழை நெருங்கும்போது "அதற்கு முன்னால் இறங்கிவிடலாம்" என்று பந்தயம் கட்டவே கூடாது. வேறு விமான நிலையத்துக்குப் போய்விட வேண்டும்.

தப்பித்தவறி உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தம்பிக்குப் பயன்படும். வேகத்தைக் கையாளும் வேகத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். கண்ணைக் கருவிகளிலிருந்து எடுக்கக் கூடாது. இறக்கையை மட்டமாக வைப்பது மட்டுமே வேலை. உயரம் ஏறினாலும் இறங்கினாலும் விட்டுவிட வேண்டும், கட்டுப்பாட்டிடம் சொல்லிவிட்டால் போதும். திரும்பி வெளியேறப் பார்க்கக் கூடாது. திருப்பம் இறக்கைமீது சுமையைக் கூட்டும், கவிழும் வாய்ப்பையும் கூட்டும். நேராகப் போனால் பெரும்பாலும் சீக்கிரம் வெளியே வரலாம். இதையெல்லாம் செய்தும் பிழைக்காதவர்கள் உண்டு.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அது தம்பி செய்யக்கூடியதைவிடப் பெரியது என்றே நினைக்கிறேன். சிறிய விமானத்தை மேகத்துக்குள் தள்ளுவது பல நேரம் பின்னிருக்கைதான். "நாளைக்கு ஆபீஸ் போகணும்", "ஓட்டலுக்குப் பணம் கட்டியாச்சு" என்று கூட வந்தவர்கள் சொல்லும் வார்த்தை விமானியின் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அக்கா சொன்னால் தம்பியால் தட்ட முடியுமா? ஆகவே கிளம்பும் முன்பே அவரிடம் சொல்லுங்கள்: "வானிலை சரியில்லைன்னா ராத்திரி அங்கேயே தங்கிடலாம், இல்லைன்னா கார் எடுத்துத் திரும்பிடலாம், எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல." திரும்பி வரும் நாளுக்கு அடுத்த இரண்டு நாட்களில் இந்தியா திரும்பும் டிக்கெட் போடாதீர்கள். பறப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே மேகம் பெரும்பாலும் பிற்பகலில்தான் எழும். ஆனால் கிராஸ்ஃபீல்ட் விழுந்தது காலை 11 மணி வாக்கில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புறப்படும் நாளன்று அந்தப் பாதையில் இடிமழைக்கு வாய்ப்பு என்று முன்னறிவிப்பு இருந்தால், விமானத்தில் ஏற வேண்டாம்.